பழைய டக்கோமாவுக்குப் பனிக்கால டயர்: எந்த ரப்பர், எந்த அளவு, எந்த ரிம்?

1995 முதல் 2004 வரை வந்த முதல் தலைமுறை டொயோட்டா டக்கோமா பிக்கப் கனடாவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறதே, பனிக்காலத்துக்குத் தனி டயர் எதற்கு என்று வைத்திருப்பவர்களில் பலர் நினைக்கிறார்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. அதிலும் இது பார்ட் டைம் வகை. முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்தரும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது என்பதால் காய்ந்த தார் சாலையில் எச்4 (நான்கு சக்கர இழுவை) போட்டு ஓட்டக் கூடாது. பாதி காய்ந்து பாதி உறைந்து கிடக்கும் சாலையில் பெரும்பாலும் பின்சக்கர இழுவையில்தான் போவீர்கள், அதுவும் பின்பெட்டி காலியாக, பின்பக்கம் எடையே இல்லாமல். ஆகவே காசை டயரில் போடுங்கள், ரிம்மில் மிச்சம் பிடியுங்கள் என்பதுதான் என் கட்சி.

டயரில் போட்டி மூன்று பேருக்கிடையே. முதலாவது பிஎஃப் குட்ரிச் கேஓ2 போன்ற ஆல் டெரெய்ன், அதாவது தார் சாலை, மண்பாதை இரண்டுக்குமான டயர். பக்கச்சுவரில் மலைக்குள் பனிப்பூ முத்திரை உண்டு. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயரைக் கட்டாயமாக்கும் கியூபெக் சட்டத்துக்கு அதுவே போதும். ஆனால் அந்த முத்திரைக்கான சோதனை, இறுகிய பனியில் டயர் எவ்வளவு பிடிப்போடு முன்னே தள்ளுகிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. பனிக்கட்டியில் பிரேக் பிடிப்பதை அது பார்ப்பதில்லை. ஆழமான பனியிலும் சேற்றிலும் கேஓ2 நன்றாக உழுதுகொண்டு போகும். சிக்னல் அருகே வண்டிகள் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாகிவிட்ட இடத்தில்தான் கைவிடும்.

இரண்டாவது பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக் டிஎம்-வி2 போன்ற மென்ரப்பர் டயர். சாதாரண ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும், இது விறைக்காது. பனிக்கட்டியின் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலத்தை ரப்பரில் உள்ள நுண்துளைகள் உறிஞ்சிக்கொள்ளும். ஊருக்குள் வேலைக்குப் போய்வரும் டிரக்குக்கு இதற்கு இணை இல்லை. குறையும் உண்டு: அந்த விசேஷ ரப்பர் மேல்பகுதியில் மட்டும்தான். பாதிக்கு மேல் தேய்ந்த செட்டை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் தொடாதீர்கள். பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த எந்தப் பனிக்கால டயருக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, நோக்கியன் ஹக்கபெலிட்டா எல்டி3 மாதிரி ஆணி பதிக்கக்கூடியது. தெற்கு ஒன்டாரியோவில் குடியிருப்பவர்களுக்கு ஆணி டயருக்கு அனுமதியே இல்லை. வடக்கே வீடு, ஏரிக்குப் போகும் மண்பாதை தினசரி என்றால் மட்டும் யோசியுங்கள்.

அளவில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பின்னாளில் வந்த டிஆர்டி (டொயோட்டாவின் ஆஃப் ரோடு ரகம்) மாடல்களின் அளவு 265/70ஆர்16: அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 16 அங்குலம். அகல டயர் கம்பீரமாகத் தெரியும், ஆனால் புதுப்பனியில் அது மேலே ஏறி மிதக்கப் பார்க்கும். ஒடுக்கமானது பனியை அறுத்துக்கொண்டு தரையைத் தொடும். 235/75ஆர்15 நல்ல ஒடுக்கம்தான், ஆனால் விட்டம் 44 மில்லிமீட்டர் குறைகிறது. ஸ்பீடோமீட்டர் ஆறு சதவீதம் போலக் கூட்டிக் காட்டும், அடிப்புறமும் தரையை நெருங்கிவிடும். நான் சொல்வது 245/75ஆர்16. கணக்குப் போட்டால் விட்டத்தில் மூன்றரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், அகலமோ இருபது மில்லிமீட்டர் குறைவு. ஒன்றே ஒன்று: அதிக பாரம் தாங்கும் எல்டி ‘இ’ ரகம் இந்த எடைக்கு விறைப்பு அதிகம், சாதாரண ரகம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

இனி ரிம். ஒரே ரிம்மில் ஆண்டுக்கு இருமுறை டயரைக் கழற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் கூலி, பேலன்ஸிங், விளிம்பில் கீறல். இரண்டாவது ரிம் செட் சில ஆண்டுகளில் தன் காசை எடுத்துவிடும். இந்த வண்டிக்கு டயர் பிரஷர் சென்சாரும் கிடையாது, அந்தச் செலவும் மிச்சம். இரும்பா அலாயா என்றால், இரும்பு துருப்பிடிக்கும், குழியில் விழுந்தால் நெளியும், ஆனால் சட்டென்று விரிசல் விடாது. பழைய கம்பெனி அலாயும் நல்லதுதான். டொயோட்டாவின் 1996–2002 ஃபோர் ரன்னரின் ஆறு நட் ரிம் அப்படியே பொருந்தும். வாங்கும்போது டயர் உட்காரும் உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சாலை உப்பு தின்ற இடம் வெள்ளைப் பொடியாக, பொருக்குப் பொருக்காக உப்பியிருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காமல் அதில் டயர் ஏற்றினால் வாராவாரம் காற்று இறங்கும்.

பழைய இரும்புக் கடையில் “எல்லாம் ஆறு நட்தான், 139.7, பொருந்தும்” என்று செவர்லே சில்வராடோ பிக்கப்பின் ரிம்மைக் காட்டுவார்கள். நட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம் (139.7 மில்லிமீட்டர்) ஒன்றுதான். நடுத்துளையோ அதில் 78.1 மில்லிமீட்டர், டக்கோமாவில் ரிம் உட்காரும் ஹப்புக்கு 106 வேண்டும். உட்காரவே உட்காராது. டொயோட்டாவின் பெரிய பிக்கப்பான டன்ட்ராவின் பெரிய பிரேக் காலிப்பரை மாற்றிப் போட்டிருந்தால் 15 அங்குல ரிம் இடிக்கும், 16தான். கடையில் வாங்கும் மினுமினுப்பான பெரிய ரிம்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. உப்புச் சாலைக்கு அவை வேண்டாம்.

ஒரு செலவும் செய்வதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுத்து சேஸியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். இந்தத் தலைமுறையின் சேஸி துரு அவ்வளவு பிரசித்தம். 2008-ல் டொயோட்டாவே 1995–2000 மாடல்களுக்கு வாரண்டியை நீட்டித்தது. மொத்தென்று சத்தம் வந்தால் டயரைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

சரி, எல்லாம் வாங்கியாயிற்று என்றால் நட்டைக் கவனியுங்கள். டொயோட்டா அலாய்க்கு வாஷர் வைத்த தட்டை நட், இரும்பு ரிம்முக்குக் கூம்பு நட். மாற்றிப் போட்டால் இறுகியது போலத் தெரியும், ஓட ஓடத் தளரும். நட் ஏறும் போல்ட் எம்12, 1.5 புரி. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 83 அடி-பவுண்டு வைத்து, நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை.