ஹட்டனில் குத்திக்கொண்ட முதல் பச்சை
தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துப் பாட்டிமாரின் முன்கைகளில் பச்சையைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் உள்ள ஒரு பச்சை குத்தும் நிலையத்தில் சென்ற மாதம் கிடைத்த அனுபவம் பெரும் நிறைவைத் தந்தது. முந்தைய நாள் மது அருந்தக் கூடாது, வயிறாரச் சாப்பிட்டு வர வேண்டும், தளர்வான சட்டை அணிய வேண்டும் என்று தொலைபேசியிலேயே கூறிவிட்டார்கள். உறையிடப்பட்ட புதிய ஊசியை என் கண்முன்னே பிரித்த கலைஞர், கையுறையையும் மைக் கிண்ணத்தையும் மாற்றிய பிறகே தொடங்கினார். புத்தர் உருவம் கேட்ட ஓர் இளைஞரிடம், 2014ஆம் ஆண்டில் கையில் அத்தகைய பச்சையுடன் வந்த பிரித்தானியப் பெண் ஒருவர் நாடு கடத்தப்பட்டதை எடுத்துச்சொல்லி, கலைஞர் பொறுமையாக மறுத்ததை மிகவும் மதிக்கிறேன். வடிவத்தை முன்கூட்டியே முடிவுசெய்து, பேரம் பேசாமல் செல்வதே அவருடைய உழைப்புக்கு நாம் தரும் மரியாதை. காத்திருக்கும் இடம் குறுகலானது என்பதால், துணைக்கு ஒருவரை மட்டும் அழைத்துச் செல்லுங்கள்.