த்ராட்டில் கோளாறுக்காக ஸ்னோமொபைலைப் பட்டறையில் விடுவோர் கவனத்திற்கு

பனிமேல் ஓடும் வண்டியான என் ஸ்னோமொபைலில், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலின் கோளாறைச் சரிசெய்வதாகச் சொன்ன பட்டறை ஒன்று, எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் இரண்டு கார்புரேட்டர்களையும், தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் இக்னிஷன் பெட்டியையும் மாற்றியதாகக் கணக்குக் காட்டிப் பணம் வாங்கியது. கடைசியில் த்ராட்டிலின் பாதுகாப்புச் சுவிட்சுக்குப் போகும் ஒயர்களை வெட்டி, ஒன்றோடொன்று முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றி வண்டியை என்னிடம் ஒப்படைத்தது. பணம் போனதைவிட, அந்தச் சுவிட்ச் இல்லாத வண்டியில் என் மைத்துனரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டினேன் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

வண்டி இரண்டு கார்புரேட்டர்கள் கொண்ட பழைய டூ ஸ்ட்ரோக். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். ஐட்லிங்கிலும் சீராக நிற்கும். ஆனால் கட்டைவிரலால் த்ராட்டில் லீவரை மெல்ல அழுத்தினால் எஞ்சின் சடசடவென்று வெட்டி வெட்டி ஓடும், ஓர் அளவுக்கு மேல் ஏறாது, சில நேரம் அணைந்தே போகும். ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுவதும் திருப்பினால் கோளாறு கூடுவதையும், வலப்பக்கம் திருப்பினால் ஏறத்தாழ மறைந்துவிடுவதையும் நான் கவனித்திருந்தேன். வண்டியை விட்ட முதல் நாளே இதைச் சொன்னேன். அந்த மெக்கானிக் ஹேண்டில்பாரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "கார்புரேட்டர் போய்விட்டது, இரண்டையும் மாற்ற வேண்டும்" என்றார்.

எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் அப்படியே விட்டுவைத்தால் கார்புரேட்டரில் பிசின் போலப் படிந்து, குறைந்த வேகத்தில் பெட்ரோல் போகும் சுமார் அரை மில்லிமீட்டர் துளையுள்ள பைலட் ஜெட்டை அடைத்துவிடும் என்பது உண்மைதான். அதனால் அவர் சொன்னதை நம்பினேன். ஆனால் எரிபொருள் போதாமல் எஞ்சின் தடுமாறுவதும், தீப்பொறி துண்டிக்கப்பட்டு எஞ்சின் வெட்டுவதும் வேறு வேறு என்பதை அப்போது நான் அறியவில்லை. எரிபொருள் குறைந்தால் எஞ்சின் மூச்சுத் திணறுவது போல அமுங்கி அமுங்கி இழுக்கும். கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் சோக்கைச் சிறிது இழுத்துப் பார்த்தால் ஓரளவு தெளியும். தீப்பொறி துண்டிக்கப்பட்டாலோ, யாரோ சுவிட்சை அணைத்து அணைத்துப் போடுவது போலச் சட்டென வெட்டும். சோக் இழுத்தாலும் மாற்றம் இருக்காது. என் வண்டி இரண்டாவது வகை. ஒரு நிமிடத்தில் செய்துவிடக்கூடிய இந்தச் சோதனையைக்கூடச் செய்யாமல் கார்புரேட்டர்களை மாற்றினார்கள், கோளாறு அப்படியே இருந்தது. உடனே இக்னிஷன் பெட்டி என்றார்கள். அதையும் மாற்றினார்கள், அப்போதும் கோளாறு தீரவில்லை. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டபோது, குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். மூன்றாவது முறை போனபோது கோளாறு மறைந்திருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "செட்டிங் செய்தோம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. ரசீதிலும் அவ்வளவுதான் எழுதியிருந்தது.

பத்து நாள் கழித்து, தூள் பனியில் சிறிது தூரம் ஓட்டிவிட்டு வண்டியை நிறுத்தி ஓய்வெடுத்தோம். எஞ்சின் சூட்டில் உருகிய பனி, நாங்கள் நின்றிருந்த நேரத்தில் கார்புரேட்டருக்குள் மீண்டும் உறைந்திருக்க வேண்டும். கிளம்பி வேகமெடுத்ததும் கட்டைவிரலை எடுத்தேன். லீவர் தன் இடத்துக்குத் திரும்பியது, ஆனால் கையில் உயிரில்லாதது போலத் தொளதொளவென்று இருந்தது. எஞ்சினின் இரைச்சல் துளிகூடக் குறையவில்லை. எதிரே மரங்கள். அவசரத்துக்கென்று இருக்கும் சிவப்பு நிறக் கில் சுவிட்சை அடித்துத்தான் எஞ்சினை அணைத்தேன். மைத்துனர் இறங்கி, நெடுநேரம் பேசாமல் பனியில் உட்கார்ந்திருந்தார்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வண்டிகளைத் தாமே பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரிடம் அன்று மாலையே கொண்டுபோனேன். நான் சொல்லி முடிப்பதற்குள், "தம்பி, லீவர் பெட்டியை யாராவது திறந்தார்களா?" என்று கேட்டார். திருகைக் கழற்றினார், அந்தக் கறுப்பு டேப் அங்கேதான் இருந்தது. லீவரையும் கார்புரேட்டர்களையும் இணைக்கும் கேபிள் விறைப்பாக இருக்கும்வரை அந்தச் சுவிட்ச் எஞ்சினை ஓடவிடும் என்றும், லீவர் திரும்பிய பிறகும், கார்புரேட்டருக்குள் கேபிளோடு ஏறி இறங்கிக் காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடுகள் மேலேயே சிக்கிக்கொண்டால் கேபிள் தளரும், அந்தத் தளர்ச்சியைக் கண்டதும் தீப்பொறியைத் துண்டித்து எஞ்சினை அணைப்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது என்றும் அவர் விளக்கினார். அன்று எனக்கு நேர்ந்தது எதுவோ, அதற்காகவே வைத்த பூட்டு அது.

அப்படியானால் முதலில் எஞ்சின் ஏன் வெட்டியது? கேபிள் நாளடைவில் நீண்டு தளர்ந்திருந்தது. ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பும்போது அந்தத் தளர்ச்சி மேலும் கூடியதால், சுவிட்ச் தன் வேலையைச் சரியாகவே செய்து தீப்பொறியை நிறுத்தியது. அண்ணன் ஒயர்களைப் பழையபடி சுவிட்சில் இணைத்தார். கேபிளின் அட்ஜஸ்டர் நட்டைச் சில சுற்றுகள் திருப்பி, இரண்டு ஸ்லைடுகளும் ஒரே நேரத்தில் எழும்புகின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்தார். புதிதாக ஒரு பாகமும் போடவில்லை. கோளாறு அன்றோடு தீர்ந்தது.

எனவே த்ராட்டில் தகராறு செய்தால், யாரிடமும் கொண்டுபோவதற்கு முன் எஞ்சினை அணைத்துவிட்டு லீவரை முழுவதும் அழுத்தி, பிறகு கட்டைவிரலை எடுங்கள். ஸ்லைடுகள் 'டக்' என்று கீழே விழும் ஓசை கேட்க வேண்டும். அது தயங்கித் தயங்கி இறங்கினால் கேபிளுக்குள் ஈரமோ, அறுந்த இழையோ, கார்புரேட்டரில் பனியோ இருக்கிறது என்று பொருள், அந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. அது சரியாக இருந்தால், வண்டியின் பின்பகுதியை உறுதியான ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, பின்னால் ஒருவரும் நிற்காதபடி பார்த்துக்கொண்டு, ஐட்லிங்கில் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். எஞ்சினின் ஓட்டம் மாறினால் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். லீவரில் எவ்வளவு தளர்ச்சி இருக்கலாம் என்பது அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும்.

பாதுகாப்புச் சுவிட்சைத் தற்காலிகமாக விலக்கிச் சோதிப்பது மெக்கானிக்குகள் வழக்கமாகச் செய்வதுதான், அதில் தவறில்லை. கோளாறு எங்கே என்று தெரிந்ததும் அதைச் சரிசெய்து சுவிட்சைத் திரும்ப இணைக்காமல், அப்படியே மூடி மறைத்துக் கொடுத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. படங்களோடு அந்தப் பட்டறைக்குப் போனபோது, "ஓடுகிறதல்லவா, பிறகென்ன?" என்றுதான் பதில் வந்தது. பணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்துமூலம் கொடுத்த புகாருக்கு இன்றுவரை பதில் இல்லை.

த்ராட்டில் வேலை முடிந்து உங்கள் வண்டி அண்மையில் கைக்கு வந்திருந்தால், அடுத்த முறை ஓட்டுவதற்கு முன் லீவர் பெட்டியைத் திறந்து, சுவிட்சின் ஒயர்கள் முறுக்கப்பட்டோ, இணைப்பு கழற்றிவிடப்பட்டோ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.