ஆக்டேவியா ஆர்எஸ்ஸுக்குப் பழைய ஈசியு: குளோனா, அடாப்டேஷனா, இம்மோ ஆஃபா?

2004-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் இன்றும் ஓடுகிற வண்டிகளில் பல, பெங்களூரிலிருந்து கைமாறி வந்தவை. எஞ்சின் கெட்டி. எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டியான ஈசியு இருக்கும் இடம்தான் வம்பு. வைப்பருக்குக் கீழே, கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே மழைத்தண்ணீர் வடிகிற தொட்டிக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. நம் ஊரில் நிழலுக்காகப் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்துவோம். பொடி இலை கிரில் வழியாக உள்ளே போய், வடிகால் துளையில் அடைந்து, ஐப்பசி மழையில் தொட்டி நிரம்பினால் ஈசியு நனையும்.

புதுப் பெட்டி வாங்குவது வண்டியின் இன்றைய மதிப்புக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே சென்னை புதுப்பேட்டையிலோ பெங்களூர் சிவாஜிநகரிலோ பழையது ஒன்றைத் தேடிப்பிடித்து, வீட்டிலேயே நம் வண்டிக்குப் பொருத்த வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு: நம் பெட்டியின் டேட்டாவை அப்படியே நகலெடுக்கும் குளோன், ஸ்கேனரால் இரண்டையும் சேர்க்கும் அடாப்டேஷன், திருட்டுத் தடுப்புப் பூட்டையே நீக்கும் இம்மோ ஆஃப். நான் தேர்ந்தெடுத்தது குளோன், பரிந்துரைப்பதும் அதையேதான். மற்ற இரண்டும் எங்கே சரிப்படும் என்பதையும் சொல்கிறேன்.

அதற்கு முன், ஈசியு உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். இந்த எஞ்சினில் இக்னிஷன் காயில்கள் அடிக்கடி சாகும். அந்தப் பழி பலமுறை ஈசியு மேல் விழுகிறது. கனெக்டரைக் கழற்றி, சாவியைப் போட்டு, வயர் பக்கத்தில் மீட்டர் வையுங்கள். 1, 2 பின்கள் எர்த். 3, 62 பின்களில் 12 வோல்ட். உங்கள் மாடலின் வயரிங் படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அங்கே கரண்டே வரவில்லை என்றால் கோளாறு ரிலேயிலோ ஃபியூஸிலோதான்.

பழைய பெட்டி வாங்கும்போது லேபிளில் உள்ள இரண்டு எண்களையும் பாருங்கள். கம்பெனி பார்ட் எண் 06ஏ 906 032 என்று தொடங்க வேண்டும். கடைசி எழுத்துகளும் உங்களுடையதோடு ஒத்துப்போனால் நல்லது. அதைவிட முக்கியம் 0 261 என்று தொடங்கும், ஈசியுவைத் தயாரித்த பாஷ் கம்பெனியின் எண். அது ஒன்றாக இருந்தால் உள்ளே இருக்கும் ஹார்டுவேரும் ஒன்று. இந்த வண்டியின் ஈசியு வகையான எம்இ7.5-இல், புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் லாம்டா சென்சார் வைட்பேண்டாக இருந்தால் அதற்கானதும் உண்டு, நேரோபேண்டுக்கானதும் உண்டு. இரண்டும் வெளியே ஒன்றுபோலத் தெரியும். சென்சாரைப் படிக்கும் சர்க்யூட் வேறு. மாற்றிப் போட்டால் எந்த சாஃப்ட்வேராலும் சரிசெய்ய முடியாது. கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் கீழே வைத்துவிடுங்கள்.

இனி அந்த மூன்று வழிகள். சிக்கலின் வேர், இம்மோபிலைசர் (சுருக்கமாக இம்மோ) என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டின் மூன்றாம் தலைமுறை. மீட்டர் கன்சோலும் ஈசியுவும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஓடும். வேறு வண்டியின் பெட்டியை அப்படியே மாட்டினால், எஞ்சின் பிடித்து ஒன்றிரண்டு விநாடியில் நின்றுவிடும், ஸ்கேனரில் 17978 என்ற கோளாறு எண் வரும். அந்த அடையாளம் இருப்பது 95040 என்ற எட்டுக்கால் மெமரி சிப்பில். மொத்தமே 512 பைட்.

அடாப்டேஷன் என்றால், விசிடிஎஸ் போன்ற ஸ்கேனரில், வாங்கிய பெட்டியின் ரகசிய பின் எண்ணை (கனெக்டர் பின் அல்ல, கடவு எண்) போட்டு லாகின் செய்து, 50-ஆம் சேனலில் நம் வண்டியின் பின் எண்ணைக் கொடுத்துச் சேர்ப்பது. திருகு ஒன்றைக்கூடத் தொட வேண்டாம், பத்து நிமிட வேலை. கஷ்டம் ஒன்றே ஒன்றுதான்: இரண்டு பின் எண்களும் கையில் வேண்டும். பழைய இரும்புக் கடைக்காரரிடம் பின் எண் இருக்காது. அதை அந்தப் பெட்டியின் 95040-லிருந்து படித்துத்தான் எடுக்க வேண்டும். அவ்வளவு தூரம் போனவர் குளோனே செய்துவிடலாம். குத்துமதிப்பாக எண்களைப் போட்டுப் பார்க்காதீர்கள். தவறான எண் திரும்பத் திரும்ப விழுந்தால் லாகின் சிறிது நேரம் பூட்டிக்கொள்ளும், அந்த நேரம் நீண்டுகொண்டே போகும்.

இம்மோ ஆஃப் என்பது, ஈசியு அந்த அடையாளத்தைக் கேட்காதபடி, 95040-இல் ஹெக்ஸ் (பதினாறடிமான) 12, 22 முகவரிகளில் உள்ள 01-ஐ 02 ஆக்குவது. அந்தந்த வரிசையின் செக்சம், அதாவது சரிபார்ப்பு எண், 1E, 2E முகவரிகளில் இருக்கிறது. அவற்றில் ஒன்று குறைக்க வேண்டும். செக்சத்தை மறந்துவிட்டு, ‘மாத்தியும் ஸ்டார்ட் ஆகலையே’ என்று திகைப்பவர்கள் அதிகம். மீட்டர் கன்சோல் செத்துவிட்டது, பழைய ஈசியுவும் படிக்க முடியாதபடி அரித்துவிட்டது என்றால் இந்த வழி நியாயம். மற்றபடி, வண்டியைத் திருட்டிலிருந்து காக்கும் ஒரு பூட்டை நாமே கழற்றி எறிவதில் எனக்கு உடன்பாடில்லை.

குளோன் என்பது, நம் பழைய ஈசியுவின் 512 பைட்டையும், 29எஃப்800 ஃபிளாஷ் சிப்பில் உள்ள ஒரு மெகாபைட்டையும் எடுத்து, வாங்கிய பெட்டியில் அப்படியே எழுதுவது. ஃபிளாஷையும் ஏன் எழுத வேண்டும்? கடையில் கிடைக்கும் ஆர்எஸ் பெட்டிகளில் யாராவது ரீமேப், அதாவது திறனைக் கூட்ட மாற்றிய சாஃப்ட்வேர், போட்டிருக்கலாம். எந்த எரிபொருளுக்கு, எவ்வளவு பூஸ்டுக்கு எழுதியது என்று தெரியாத ஃபைலை நம் எஞ்சினில் ஓட்டக் கூடாது.

தேவையானவை: ஈசியுவை லேப்டாப்போடு இணைக்கும், எஃப்டிடிஐ சிப் உள்ள கேகேஎல் கேபிள், லேப்டாப், 12 வோல்ட் பேட்டரி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஹீட் கன். சுவர் பிளக்கில் மாட்டும் அடாப்டரைவிட நன்றாகச் சார்ஜ் ஏற்றிய கார் பேட்டரியே மேல். எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் பெட்டி எழுந்திருக்காது. திரும்ப, கீழே சொல்லும் பூட் மோடில்தான் உயிர்ப்பிக்க வேண்டும். மேசையில் 1, 2 பின்களுக்கு எர்த், 3, 62, 121-க்கு 12 வோல்ட், 43-ஆம் பின்னுக்கு கேபிளின் டேட்டா வயரான கே-லைன். முதலில் மூடியைத் திறக்காமலே 95040-ஐப் படித்துப் பாருங்கள். எம்இ7 இஇப்ராம் புரோகிராமர் என்ற சாஃப்ட்வேர் பல பெட்டிகளில் ஓபிடி முறையிலேயே, அதாவது இந்த கே-லைன் வழியாகவே, படித்துவிடும்.

முடியாவிட்டால் பூட் மோட். மூடியின் ஓரத்தை ஹீட் கன்னால் மிதமாகச் சூடாக்கி, தட்டையான பிளேடால் சிலிகானை வெட்டுங்கள். உள்ளே 44 கால் உள்ள ஃபிளாஷ் சிப். புள்ளி உள்ள மூலை 1. அந்த வரிசை 22-இல் முடியும். அதே முனையில் எதிர்ப்பக்கம் முதல் கால் 23, அடுத்தது 24. இந்த 24 என்பது டேட்டா லைன் நான்கு. கரண்ட் ஏறும் கணத்தில் அது எர்த்தில் இருந்தால், சி167 பிராசஸர் தன் புரோகிராமை ஓட்டாமல் கேபிளுக்குக் காது கொடுக்கும். பக்கத்தில் உள்ள 23-தான் 5 வோல்ட் சப்ளை. முனை வழுக்கி அதில் பட்டால் ஷார்ட். எர்த் வயரில் ரெசிஸ்டர் போடச் சொல்வது இதற்குத்தான். 24-இல் முனையை வைத்து, கரண்ட் கொடுத்து, இரண்டு மூன்று விநாடி பிடித்து, எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு சிப்பையும் இருமுறை படித்து இரண்டு ஃபைலையும் ஒப்பிடுங்கள். அளவு சரியாக 512 பைட், 1,048,576 பைட். முழுக்க FF என்று வந்தால் படிக்கவே இல்லை என்று அர்த்தம். சரியாகப் படித்திருந்தால் ஹெக்ஸ் எடிட்டரின் வலப்பக்கம் உங்கள் சேசிஸ் எண் துண்டு துண்டாகத் தெரியும். பெட்டிக்கு உயிரே இல்லையென்றால் 95040-ஐ ஹாட் ஏரால் கழற்றி, சிஎச்341ஏ புரோகிராமரில் படிக்கலாம். கிளிப் மாட்டி அப்படியே படிக்க முயன்றால் பிராசஸரும் சேர்ந்து விழித்துக்கொண்டு தப்பான டேட்டா வரும்.

எழுதி முடித்ததும் மூடியை ஒட்ட, வினிகர் வாடை அடிக்கிற சிலிகான் வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் சிலிகான் போட்டு ஒருநாள் விடுங்கள். மாட்டும் முன் தொட்டியின் வடிகாலைக் கையால் துழாவி, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, வண்டிக்கு அடியில் ஒழுகுகிறதா என்று பாருங்கள். மாட்டியபின், எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் போட்டு, ஸ்கேனரின் பேசிக் செட்டிங்ஸ் 060-இல் திராட்டிலைச் சீரமையுங்கள். விட்டுவிட்டால் ஐடிலிங் ஏறி இறங்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, இம்மோ ஆஃப் ஐந்து நிமிடம்தானே என்று கேட்கலாம். என் முடிவைத் தீர்மானித்தது அடுத்த பழுது. இருபது வயது வண்டியில் இந்த ஈசியுவும் ஒருநாள் போகும், மீட்டர் கன்சோல் போகும், சாவி தொலையும். குளோன் செய்தவர் கையில் இரண்டு ஃபைல்கள் இருக்கின்றன. ஈசியு மறுபடி போனால் அதே பாஷ் எண்ணில் இன்னொன்று வாங்கி எழுதினால் போதும். பழைய பெட்டி உயிரோடு இருக்கிறதா என்ற கவலை இல்லை. அந்த 512 பைட்டுக்குள்ளேயே ஹெக்ஸ் 32, 33-இல் வண்டியின் பின் எண்ணும் இருக்கிறது. பைட்டுகளைத் திருப்பிப் போட்டுப் பத்தடிமான எண்ணாக்கினால் நான்கு இலக்கம். முன்னால் ஒரு சைபர் சேர்த்தால் லாகின் எண். புதுச் சாவி சேர்க்கவும் வேறு மீட்டர் பொருத்தவும் அதுவேதான் வேண்டும். அடாப்டேஷன் செய்தவர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பெட்டியின் பின் எண்ணைத் தேடி அலைய வேண்டும். இம்மோ ஆஃப் செய்தவரிடம் தன் வண்டியின் பின் எண்ணே பெரும்பாலும் இருக்காது.

விற்கும்போதும் இதுதான் கணக்கு. ஆர்எஸ் வாங்க வருபவர்கள் விவரமானவர்கள், ஸ்கேனரோடு வருவார்கள். ஈசியுவில் தெரியும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புக்கில் உள்ளதும் ஒன்றாக இருந்தால் பேச்சு விலைக்குப் போகும். இம்மோ ஆஃப் பெட்டியில் வேறு ஏதோ வண்டியின் எண் கிடக்கும். கேஏ-விலிருந்து என்ஓசி வாங்கி டிஎன் 24-க்கு மாற்றிய வண்டியில் அப்படி ஓர் எண் தெரிந்தால், நீங்கள் உண்மையைச் சொன்னாலும் வாங்குபவர் மனசு ஒப்பாது.

கம்பெனி ஈசியுவுக்குப் பதில் மாட்டும் தனி ஈசியு, அதாவது ஸ்டாண்டலோன் பக்கம் என் அனுபவம் குறைவு. தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வண்டியில் ஏபிஎஸ் யூனிட்டும் ஈசியுவும் கேன் என்ற டேட்டா லைனில் பேசிக்கொள்கின்றன. அதற்குப் பதில் சொல்லாத பெட்டியை மாட்டினால் எச்சரிக்கை விளக்குகள் எரியும். ரேஸ் டிராக்குக்கு மட்டும் ஓட்டுபவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

சால்டரிங் பழக்கம் இல்லையென்றால் பெங்களூரிலோ கோவையிலோ நம்பிக்கையான ஈசியு கடையில் கொடுத்து, குளோன் என்றே கேளுங்கள். ‘ஸ்டார்ட் ஆக வெச்சுடுங்க’ என்று மட்டும் சொன்னால் இம்மோ ஆஃப்தான் செய்து தருவார்கள். அவர்களுக்கு வேலை சுருக்கம். காசு கொடுக்கும் முன் இரண்டு ஃபைல்களையும் பென் டிரைவில் வாங்கி, அளவைச் சரிபாருங்கள். பழைய ஈசியுவையும் கடையில் விடாமல் கையோடு எடுத்து வாருங்கள்.