கீமோ டைரி: எழுதவா, அலமாரியில் வைக்கவா?

மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் கைக்கு வரும் டைரிகளில் மூன்று ரகம் உண்டு. முதலாவது பரிசுப்பொருள் ரகம்: கெட்டி அட்டை, இளஞ்சிவப்பு ரிப்பன், பக்கத்துக்கொரு பொன்மொழி, கீழே நாலு கோடு. இரண்டாவது, கீமோ வார்டில் நர்ஸ் கொடுத்தனுப்பும் மெலிந்த பதிவேடு. மூன்றாவது போன் ஆப். மூன்றையும் எடைபோட ஒரு கேள்வி போதும். ராத்திரி 11 மணிக்கு உடம்பு சுடுகிற மாதிரி இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று இது சொல்லுமா?

பரிசு டைரி இந்தக் கேள்வியிலேயே அவுட். காய்ச்சல் எழுத அதில் ஒரு கட்டம்கூட இருக்காது. நல்ல வார்டு பதிவேட்டில் அட்டையைத் திருப்பியதும் கண்ணில் படுவது 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், பக்கத்திலேயே கூப்பிட வேண்டிய நம்பர். விடியட்டும் என்று இருக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் அச்சிட்டிருந்தால் இன்னும் நல்லது. கீமோ ஏறி 7 முதல் 14 நாளுக்குள் பொதுவாகத் தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் தொற்று வந்தாலும் சீழ், சிவப்பு, வீக்கம் எதுவும் சரியாகத் தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் துப்பு. அதனால்தான் முதலில் தெர்மாமீட்டர், பிறகு போன், அவர்கள் சொன்னால் பாராசிட்டமால் என்று வரிசை. மாத்திரையைப் போட்டுவிட்டு அளந்தால் தெர்மாமீட்டர் பொய் சொல்லும். சூடாக எதையாவது குடித்த கையோடு வாயில் வைத்தாலும் அப்படியே, எதிர்த்திசையில்.

இந்த ஒரு பக்கம் ஏன் அத்தனை பொன்மொழிகளையும் விட உதவும் என்பதற்கு உளவியலில் பழைய விளக்கம் ஒன்று இருக்கிறது. ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் எழுதியது: 'இதை என்னால் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை பிறவிக் குணமல்ல, அது நான்கு இடத்திலிருந்து ஊறுகிறது. தானே செய்து பார்த்தது, தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்த்தது, பிறர் எடுத்துச் சொல்வது, தன் உடம்பு காட்டும் அறிகுறியை எப்படி அர்த்தப்படுத்திக்கொள்கிறோம் என்பது. இதில் முதலாவதுக்குத்தான் பலம் அதிகம். பொன்மொழி தொடுவது மூன்றாவதை மட்டும். அதையும் முகம் தெரியாத யாரோ சொல்கிறார்கள்.

குமட்டல் பக்கத்தைப் பாருங்கள். பல டைரிகளில் 'குமட்டல்: 0 முதல் 10' என்று ஒற்றைக் கட்டம். அதனால் பயனில்லை. நான்கு பத்தி வேண்டும்: நேரம், எவ்வளவு, என்ன செய்தேன், ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு. 'மூன்றாம் நாள், காலை 6. ஏழு. தேவைப்பட்டால் போடச் சொன்ன மாத்திரை. 7 மணிக்கு மூன்று.' அடுத்த சைக்கிளில், அதாவது அடுத்த சுற்றுக் கீமோவில், குமட்டல் வரும்போது அவர் பார்க்கப்போவது தன் கையெழுத்திலேயே இருக்கும் அந்த 'மூன்று'. நான்காவது பத்தி இல்லாத டைரி கஷ்டத்தை மட்டும் சேமிக்கிறது; புரட்டினால் இன்னும் பயம்தான் வரும்.

இதே பக்கத்தில் அச்சிட வேண்டிய எச்சரிக்கைகளும் உண்டு. தாமதமாக வரும் குமட்டல் கீமோவுக்கு மறுநாள் தொடங்கி ஐந்து நாள் வரை நீளலாம். முதல் நாள் சுகமாகப் போனதே என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் மூன்றாம் நாள் படுத்துவிடுகிறார்கள். குமட்டலுக்குத் தரும் ஆன்டன்செட்ரான் மலச்சிக்கலைக் கொண்டுவரும். அதற்கொரு கட்டம் இல்லாவிட்டால் நாலு நாள் கழித்துத்தான் யாருக்கும் உறைக்கும். குமட்டலுக்கே தரும் ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும். காலையிலேயே போடலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். சிவப்பு நிறக் கீமோ மருந்தான டாக்ஸோரூபிசின் ஏறிய பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். மருந்தின் நிறம்தான், ரத்தம் அல்ல. இந்த ஒரு வரி அச்சாகியிருந்தால் ஒரு ராத்திரி தூக்கம் மிச்சம். பண்டூராவின் நான்காவது ஊற்று என்பது இதுதான்.

அறுவை சிகிச்சைப் பக்கங்களில்தான் நல்ல பதிவேடு நன்றாகத் தேறுகிறது. ட்ரெயின் குழாயோடு (அறுவை செய்த இடத்தில் சேரும் நீரை வெளியே இழுக்கும் குழாய், நுனியில் நீர் சேரும் ரப்பர் குமிழ் போன்ற பல்ப்) வீட்டுக்கு வருபவருக்குப் படத்தோடு படிகள்: கை கழுவு. தோலுக்கு அருகே குழாயை ஒரு கையால் அழுத்திப் பிடி, மறு கை விரல்களால் பால் கறப்பதுபோல் பல்பை நோக்கி வழித்துவிடு. மூடியைத் திற, அளவுக் கோப்பையில் கொட்டு, கண்மட்டத்தில் வைத்து மி.லி. படி. பல்பைச் சப்பையாக நசுக்கு, நசுக்கிய நிலையிலேயே மூடு. தப்பு நடப்பது பெரும்பாலும் கடைசியில்தான். மூடிவிட்டு நசுக்கினால் காற்று வெளியேறாது, உறிஞ்சல் இருக்காது, நீர் உள்ளேயே தேங்கும். இரண்டு ட்ரெயின் இருந்தால் 1, 2 என்று தனித்தனிப் பத்தி. கூட்டி எழுதக் கூடாது. 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழே, அதுவும் இரண்டு நாள் தொடர்ந்தால் எடுத்துவிடுவது பரவலான வழக்கம், ஆனால் யூனிட்டுக்கு யூனிட் அளவு மாறும். அதை நர்ஸ் கையால் எழுதித் தர இடம் விட்டிருக்கும் பதிவேடு கெட்டிக்காரத்தனமானது. 90, 70, 55 என்று எண் இறங்குவதைத் தானே எழுதுகிறவருக்குத் தைரியத்தை யாரும் வெளியிலிருந்து ஊட்ட வேண்டியதில்லை.

தோள் பயிற்சிக்கும் இதே வழி. சுவரில் விரல்களை ஏற்றி, எட்டிய இடத்தில் பென்சில் கோடு, பக்கத்தில் தேதி. ட்ரெயின் இருக்கும்வரை பொதுவாகத் தோள்மட்டத்துக்கு மேலே கையைத் தூக்கச் சொல்வதில்லை. இதைச் சொல்லாமல் படத்தை மட்டும் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். கைச் சுற்றளவு அட்டவணையில் ஏறக்குறைய எல்லா டைரியும் கோட்டைவிடுகிறது. அறுவைக்கு முந்தைய அளவுக்குக் கட்டமே கிடையாது. இரண்டு கையிலும் ஒரே புள்ளிகளில் முன்பே அளந்து வைத்திருந்தால்தான் பிறகு 2 செ.மீ. வித்தியாசம் வந்தால் அது நிணநீர் வீக்கமா (நிணநீர் வடியாமல் கையில் தேங்குவது), முதலிலிருந்தே அப்படியா என்று தெரியும்.

டைரிகளின் கதிர்வீச்சுப் பகுதி சிகிச்சையின் கடைசி நாளோடு முடிந்துவிடுகிறது. தோல் எரிச்சல் உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் அதற்கடுத்த ஒன்றிரண்டு வாரத்தில்.

ஆப்புக்கு வருவோம். இதற்குச் சாதகமாகக் காட்டப்படும் ஆய்வு பலமானதுதான். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் ஈத்தன் பாஷின் குழு 2017-ல் வெளியிட்டது: பரவிய நிலைப் புற்றுநோயில் கீமோ எடுத்த 766 பேர். அறிகுறிகளைக் கணினி வழியே தாங்களே தெரிவித்தவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களுக்கு 26. ஆனால் அங்கே அறிகுறி முற்றினால் நர்ஸுக்குத் தகவல் போனது, நர்ஸ் நடவடிக்கை எடுத்தார். மறுமுனையில் ஆள் இல்லாத ஆப் என்பது மணியடிக்கிற டைரி, அவ்வளவுதான். இறக்குவதற்கு முன் வார்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: நான் பதிவதை யார் படிப்பார்கள், எத்தனை மணிக்குள்?

மரமரப்பை ஆப்கள் பதியும் விதமும் சரியில்லை. விரல்களை மரத்துப்போகச் செய்யக்கூடிய பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தை எடுப்பவர்களில் சிலர் டோஸைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் பத்துக்கு 'ரெண்டு' என்றே போட்டுக்கொண்டிருப்பார்கள். 'சட்டைப் பொத்தானைப் பார்க்காமல் போட முடிகிறதா? மேஜையிலிருந்து நாணயத்தை எடுக்க முடிகிறதா?' என்று வாரம் ஒருமுறை கேட்கும் பதிவேடு இதில் பல படி மேல்.

மனநிலைப் பக்கம் மூன்று ரகத்திலும் சோகம். ஐந்து பொம்மை முகம், ஒன்றைச் சுழி. சிரிக்கும் முகத்தைச் சுழிக்காத நாளெல்லாம் தோல்வி போலாகிவிடும். உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மனும் 1984-ல் பிரித்துக் காட்டியதுபோல், சமாளிப்பதில் சிக்கலைத் தீர்ப்பது ஒன்று, தீர்க்க முடியாத நேரத்தில் மனதை ஆற்றுவது ஒன்று. ஸ்கேன் முடிவுக்குக் காத்திருக்கும் மூன்று நாளில் செய்வதற்கு எதுவும் இல்லை. பேச்சு, நடை, மூச்சுப் பயிற்சி, வேறொன்றில் மனதைத் திருப்புவது எல்லாம் அப்போது முறையான சமாளிப்பே. பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து 'என் கையில் இருப்பது', 'இல்லாதது' என்று எழுதினாலே முகப்படங்களை விட உருப்படியாக இருக்கும்.

இன்னொரு குறை பொதுவானது: நாளுக்கு இருபது கட்டம். இரண்டாம் வாரமே வெற்றுப் பக்கம் தொடங்கும், அதைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சி. ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். சைக்கிள் முடிவில் டாக்டர் அரை நிமிடத்தில் படிக்கும்படி ஒரே ஒரு சுருக்கப் பக்கம், அதன் தலையில் மூன்று கேள்வி. முக்கியமானது முதலில், ஏனென்றால் மூன்றாவதுக்குள் அடுத்த நோயாளிக்குக் கதவு திறந்துவிடும்.

ஆக, வார்டு பதிவேடு கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் 80 பக்க நோட்டில் மேலே சொன்ன பத்திகளைக் கோடு போட்டுக்கொள்ளலாம். ஸ்பைரல் பைண்டிங்காக இருக்கட்டும். ஒரு கையில் ட்ரிப்ஸ் ஏறும்போது மறு கைதான் எழுத வேண்டும். நோட்டைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது.