கூகுள் டிரெண்ட்ஸ்: எழுத உட்காரும் முன் ஒரு தடவை பாருங்கள்

தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசம் பற்றி வருஷா வருஷம் எழுதுகிறேன், ஆனால் பினாங்கில் எனக்குத் தெரிந்த நாலு பேரைத் தவிர யாரும் படிப்பதில்லையே என்ற கடுப்பில்தான், ஒரு சொல்லை மக்கள் கூகுளில் எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் இந்தத் தளத்தைத் திறந்தேன். காசு கட்ட வேண்டாம். நாட்டை மலேசியா என்று வைத்து சில சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம், 2004 முதல் கணக்கு இருக்கிறது. தைப்பூசத் தேடல் ஜனவரி, பிப்ரவரியில் மலைபோல் ஏறி, அப்புறம் தரையோடு படுத்துவிடுகிறது. நானோ காவடியெல்லாம் இறக்கி பத்து நாள் கழித்துப் பதிவேற்றிக்கொண்டிருந்தேன்! ஒன்று மட்டும் கவனம்: 0 முதல் 100 வரை காட்டுவது ஒப்பீட்டு அளவுதான், எத்தனை பேர் தேடினார்கள் என்பதல்ல. தேடல் குறைவான தமிழ்ச் சொல்லுக்குச் சில நேரம் வெறும் பக்கம்தான் வரும், சரி, அதையே ரோமன் எழுத்தில் தட்டிப் பாருங்கள்.