ராம்நாட்ல பழைய கம்ப்யூட்டர் சரிபண்ணக் குடுக்கப் போறீங்களா, ஒரு நிமிசம் நில்லுங்க

கடை பேரு போடல, வம்பு வேணாம். ஆனா நடந்ததச் சொல்லிடுறேன்.

வாப்பா 84ல சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் 48கே, டிவில மாட்டி ஓட்டுற கம்ப்யூட்டர், ரப்பர் கீ வச்சது. கீழக்கரை வீட்டு பரண்ல கெடந்துச்சு. உப்புக்காத்துல பின்னாடி எட்ஜ் கனெக்டர் பச்சை பூத்துப் போயிருந்துச்சு, ஆனாலும் கரன்ட் குடுத்ததும் டிவில ‘1982 சின்க்ளேர் ரிசர்ச்’னு எழுத்து பளிச்சுனு வந்துருச்சு. ஏ எஸ் டி எஃப் ஜி, இந்த அஞ்சு கீ மட்டும் வேலை செய்யல, அவ்ளோதான். கீபோர்டு அடியில மெம்பிரேன்னு ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு இருக்கு, அதோட நாடா மாதிரி வாலு வருசமானா அப்பளமா நொறுங்கும், அதுல ஒரு கோடு அறுந்தா அஞ்சு கீ ஒண்ணாப் போயிரும், புது மெம்பிரேன் போட்டா முடிஞ்சது, இதெல்லாம் எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுச்சு.

கடைல 1,500 அட்வான்ஸ். மூணு வாரம் இழுத்தடிச்சிட்டு ‘யூஎல்ஏ சிப்பு போயிருச்சு பாய், வேற போட்ருக்கேன், இன்னும் 4,800 குடுங்க’ன்னான். யூஎல்ஏன்னா டிவிக்குப் படம் அனுப்புற முக்கியமான சிப்பு. குடுத்துத் தொலைச்சேன். வீட்டுல வந்து போட்டா எழுத்தே இல்ல, கோடு கோடா நிக்குது. போன் பண்ணா ‘நாப்பது வருச சாமான் பாய், அப்டித்தான் இருக்கும்’ங்குறான்.

மண்டபத்துல போட்டுக்கு வயர்லெஸ், ஜிபிஎஸ் பாக்குற மச்சான் ஒருத்தன்ட்ட தூக்கிட்டுப் போனேன். அவன் மீட்டர எடுத்து 4116 ரேம் (மெமரி சிப்பு) காலுகள்ல வச்சான். எட்டாவது கால்ல 12 வோல்ட், ஒம்போதாவதுல 5, ஒண்ணாவதுல மைனஸ் 5, மூணும் வரணுமாம். மைனஸ் 5 சுத்தமா இல்ல. அது இல்லாம ஓடுனா ரேம் செத்துரும்னான், வெரலை வைக்கச் சொன்னான், ரெண்டு சிப்பு தோசைக்கல்லு மாதிரி சுட்டுச்சு. அந்த மைனஸ் 5ஐ உண்டாக்குற சர்க்யூட்ல இருக்குற டிஆர்4 டிரான்சிஸ்டர் ஷார்ட்டு.

‘அடாப்டர மாத்திக் குத்திருக்கான்டா’ன்னான் மச்சான். ஸ்பெக்ட்ரம் அடாப்டர்ல நடுவுல மைனஸ், வெளிய பிளஸ். நம்ம ரூட்டர் அடாப்டரெல்லாம் அதுக்கு நேர்மாறு. அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு, நான் கூடக் குடுத்தனுப்புன அடாப்டர எடுத்துப் பாத்தா உம்மா பாவாடை நாடாவால கட்டுன முடிச்சு, ரெட்டை முடிச்சு, அப்டியே இருக்கு, பிரிக்கவே இல்ல அந்தப் பய. மூணு வாரமும் எத வச்சு ஓட்டுனான்?

இன்னொண்ணு, இதுதான் வயித்தெரிச்சல். குடுக்குறதுக்கு முன்னாடி மருமகன் மூடியத் தொறந்து போட்டோ எடுத்து வச்சிருந்தான், அதுல யூஎல்ஏ மேல 6சி001ஈ-7னு தெளிவாத் தெரியுது. இப்ப சாக்கெட்ல உக்காந்திருக்குறது 5சி112ஈ. எங்க போர்டு வெர்ஷன் இஷ்யூ 3பி, இது இஷ்யூ 2க்கு வர்ற பழைய சிப்பு. யூஎல்ஏ சாக்கெட்லதான் இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் வச்சு நெம்புனா வந்துரும், அதனால குடுக்கும்போதே நம்பரெல்லாம் தெரியுற மாதிரி போட்டோ புடிச்சு, கடைக்காரன் முன்னாடியே புடிச்சு, கழட்டுன பழைய பார்ட்ஸ் திரும்ப வேணும்னு பில்லுலயே எழுதி வாங்கிருங்க. நான் போட்டோவக் காட்டிக் கேட்டதுக்கு ‘கழட்டுனது குப்பைல போச்சு பாய்’னு சொல்லிட்டான்.

டிஆர்4 மாத்தியாச்சு, மைனஸ் 5 வந்துருச்சு. ரெண்டு ரேம் இன்னும் மாத்தணும். யார்ட்டயாவது 6சி001ஈ-7 உதிரியாக் கெடந்தா சொல்லுங்க, காசு குடுத்தே வாங்கிக்கிறேன்.