தினம் 1.5 ஜிபியில் விண்டோஸ் அப்டேட்: மூன்று வருட அனுபவம்

எங்கள் ஊருக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை. மூன்று வருடமாக ஃபோன் ஹாட்ஸ்பாட்டில்தான் என் லேப்டாப் ஓடுகிறது. தினம் 1.5 ஜிபி, தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ். மாலை ஆறு மணிக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு நடத்துகிறேன். நடுவில் டேட்டா தீர்ந்தால் அன்றைய பாடம் போச்சு.

அதனால் விண்டோஸ் 11-இல் வைஃபை ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய், ஹாட்ஸ்பாட்டை ‘மீட்டர்ட் கனெக்‌ஷன்’ ஆக்கினேன், அதாவது இந்த இணைப்பில் டேட்டாவுக்கு அளவு உண்டு என்று விண்டோஸுக்குச் சொன்னேன். அப்புறம் பெரும்பாலான அப்டேட்டுகள் தாமாக இறங்காமல், நான் டவுன்லோட் பட்டனை அழுத்தும்வரை காத்திருக்கின்றன. இந்த ஒரு அமைப்பை எல்லோருக்கும் தைரியமாகச் சொல்வேன்.

ஆனால் இது ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் தனித்தனி. தம்பியின் ஃபோனில் இணைத்தால் மறுபடி குறிக்க வேண்டும். யூஎஸ்பி கேபிளில் டெதரிங் செய்தால் (ஃபோன் நெட்டைக் கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கொடுத்தால்) விண்டோஸுக்கு அது ஈதர்நெட், அதாவது கம்பி இணைப்பு; அங்கேயும் ஒருமுறை குறிக்க வேண்டும். இது தெரியவே எனக்குச் சில மாதங்கள் ஆயின.

இன்னொன்று, தனக்கென்று அப்டேட்டர் வைத்திருக்கும் மென்பொருள்களை இந்த அமைப்பு கட்டுப்படுத்தாமல் போகலாம். ஒருநாள் வகுப்பு பாதியில் நின்றது. ‘டேட்டா யூசேஜ்’ பக்கத்தைத் திறந்தால், நான் அன்று தொடவே தொடாத ஒரு வரைகலை மென்பொருள் முக்கால் ஜிபியை எடுத்திருந்தது. அதற்குள்ளேயே போய் ஆட்டோ அப்டேட்டை நிறுத்தினேன். எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று அந்தப் பக்கம் தனித்தனியாகக் காட்டும். வாரம் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் அதில்தான் வருகின்றன. மாதாந்திர அப்டேட் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகும். நம் நேரப்படி இரவு பத்தரைக்கு மேல். அடுத்த நாள், புதன் இரவு பதினொன்றுக்கு, அன்றைய மீதி டேட்டாவில் டவுன்லோடைத் தொடங்குவேன். எப்படியும் நள்ளிரவில் வீணாகப் போகிற டேட்டாதானே. முடியாவிட்டாலும் 12 மணிக்குப் புது 1.5 ஜிபி வந்துவிடும், விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு மாதம் தவறினாலும் பயமில்லை. முந்தைய திருத்தங்களும் சேர்ந்தேதான் அடுத்த மாதத்தில் வருகின்றன, இரண்டையும் தனித்தனியாக இறக்க வேண்டியதில்லை.

வீட்டில் டேப்லெட் இருந்தால் அதையும் கவனியுங்கள். ‘வைஃபையில் மட்டும் அப்டேட்’ என்று ப்ளே ஸ்டோரில் வைத்தாலும் ஹாட்ஸ்பாட்டும் அதற்கு வைஃபைதான். ஆண்ட்ராய்டிலும் அந்த நெட்வொர்க்கை மீட்டர்ட் என்று குறிக்கலாம்.

ஆண்டுக்கொரு முறை வரும் விண்டோஸின் பெரிய பதிப்பை மட்டும் ஹாட்ஸ்பாட்டில் தொடுவதில்லை. தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போகும்போது லேப்டாப்பும் கூட வரும். அங்கே பிராட்பேண்ட் இருக்கிறது. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும்.